அரிவாளுக்குச் சொந்தக்காரி

கொழும்பு விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி முதலில் வெளியே எடுத்தது ஒரு மண் அகல். அடுத்து ஒரு சங்கு வளையல் துண்டு, நூல் நூற்கும் தக்களியின் மண் சில்லு, வலையில் கட்டும் மண் குண்டு. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தவர், அடியில் துணி சுற்றிக் கிடந்த அரிவாளைத் தொட்டதும் நிமிர்ந்தார்.

“இது என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய அரிவாள்.”

“இவ்வளவு பளபளப்பாகவா?”

அசல் எங்கள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது, இது அதே அளவில் கொல்லரிடம் அடித்து வாங்கிய நகல் என்று விளக்கினேன். ஒரு பெண்ணைப் புதைத்த தாழிக்குள் கிடைத்தது, அவளுடைய கணவனின் அரிவாள் என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “கணவனின் சாமானை மனைவி கையோடு கொண்டுபோவது அப்போதே தொடங்கிவிட்டதா?” என்று கேட்டு, பெட்டியை மூடித் தந்தார்.

நான் தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றிக்காட்டுவதுதான் என் வேலை. சில வருடங்களாக இன்னொன்றும் செய்கிறேன். அந்தக் காலத்துப் பெண்கள் புழங்கிய பொருட்களின் நகல்களை இந்தக் காலத்துப் பெண்களின் கையில் கொடுப்பேன். ஒரு பொருளை எடுத்து, அதை வைத்திருந்தவள் தானே என்று நினைத்துக்கொண்டு அவள் கதையைச் சொல்ல வேண்டும். பிறகு தன் கதையைச் சொல்ல வேண்டும். சாய்ந்தமருதைச் சேர்ந்த ஜெஸ்மினா என்ற ஆசிரியை, வைத்தியத்துக்காகத் தாயாரை அழைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப்பக்கம் வந்தபோது ஒருநாள் இதில் வந்து உட்கார்ந்தார். “இத எங்கட ஊருலயும் செய்யணும் டீச்சர்” என்றார். விருந்தாளிகள் வழக்கமாகச் சொல்வதுதானே என்று நினைத்தேன். அவர் விடவில்லை. அப்படித்தான் கல்முனைக்குப் புறப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை கல்முனையில் இறங்கியிருக்க வேண்டும். ஜன்னல் காற்றில் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது பஸ் கல்முனையையும் சாய்ந்தமருதையும் காரைதீவையும் தாண்டி நிந்தவூரில் நின்றுகொண்டிருந்தது.

“கல்முன, கல்முன எண்டு கத்தினேனே, கேக்கல்லியா?” என்றார் நடத்துனர்.

எங்கள் ஊரில் ஓர் ஊர் முடிந்து வயல், பொட்டல், அப்புறம்தான் அடுத்த ஊர். இங்கே கடற்கரைச் சாலையில் ஊர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு பள்ளிவாசல் முடிந்தால் ஒரு கோயில், கோயில் முடிந்தால் ஒரு துணிக்கடை, பெயர்ப்பலகை மாறினால்தான் ஊர் மாறியது தெரியும். திரும்ப ஏற்றிக்கொண்டுபோன ஆட்டோக்காரர், நான் இந்தியா என்று தெரிந்ததும் ஒரு தொலைக்காட்சித் தொடரின் பெயரைச் சொல்லி, அதில் மருமகளுக்குக் கடைசியில் என்ன ஆகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது.

ஜெஸ்மினா வாசலிலேயே நின்றிருந்தார். முகம் கழுவுவதற்குள் மேசையில் பிட்டும், மீன் குழம்பும், தேங்காய்ச் சம்பலும் வந்துவிட்டன. எங்கள் பக்கத்துப் புட்டு பழத்தோடும் சர்க்கரையோடும் சேரும். இங்கே பிட்டைக் குழம்பில் குளிப்பாட்டி விடுகிறார்கள். நான் மூன்றாவது முறை வாங்கிக்கொண்டேன். ஜெஸ்மினாவின் கணவர் கடையிலிருந்து வந்து, சலாம் சொல்லி, “வீட்டுக்காரி உங்களப் பத்தித்தான் ஒரு மாசமாக் கதைக்கிறா” என்றார்.

வீட்டுக்காரி என்பதை நான் நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன். ஜெஸ்மினா சிரித்தபடி திருத்தினார். “நெசமாவே வீட்டுக்காரிதான் டீச்சர். இது என்ட வீடு. உம்மா எனக்குத் தந்த. இவர்தான் முடிச்சு இஞ்ச வந்தவர்.” இந்தக் கரையில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்கிறார்கள், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். கல்யாணமான மறுநாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு மாமியார் வீட்டுப் படியேறியவள் நான். அவருடைய கணவரைக் கொஞ்சம் அனுதாபத்தோடும், ஜெஸ்மினாவைக் கொஞ்சம் பொறாமையோடும் பார்த்தேன்.

புதன்கிழமை காலை, கல்முனையில் ஒரு நூலகத்தின் மாடி அறை. பாய் விரித்து, பொருட்களை நடுவில் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதே விவரச் சீட்டு. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மருதமுனையிலிருந்து நெசவு செய்கிறவர்கள், சாய்ந்தமருதிலிருந்து இரண்டு தையல்காரிகள், ஒரு மருந்துக்கடைப் பெண், கல்முனைக் கடற்கரையிலிருந்து மீன் விற்கும் சாந்தி.

முதலில் வாயைத் திறந்தவரும் சாந்திதான். கனத்த உடம்பு, கணீரென்ற குரல். “டீச்சர், ஒரு சந்தேகம். கதை சொல்லும் பட்டறை எண்டு நோட்டீஸ்ல போட்டிருந்திச்சு. நாங்க செயலமர்வு எண்டுதான் சொல்ற. பட்டறை எண்டா கொல்லன் பட்டறைதான். இரும்படிக்கவா எங்களக் கூப்பிடுறாங்க எண்டு வீட்டில ஒரே சிரிப்பு.”

“அரிவாளும் கொண்டு வந்திரிக்காவே, பாருங்க” என்றார் இன்னொருவர். அறை குலுங்கியது. நான் தயாரித்து வைத்திருந்த பத்து நிமிட முன்னுரையை அப்போதே கைவிட்டேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இங்கே கதைப்பது என்றால் பேசுவது. “கதை சொல்லுங்க” என்று நான் சொல்ல, “என்னத்தக் கதைக்கிற?” என்று அவர்கள் கேட்க, கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் குழம்பினோம். கடைசியில் சாந்தி வலைக்குண்டை எடுத்துக் கையில் உருட்டினார். ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய செம்படவனின் மனைவியாக மாறி, கடலிலிருந்து வெறும் வலையோடு வந்த கணவனை ஏசத் தொடங்கினார். “நேத்தும் காத்துச் சரியில்ல, இண்டைக்கும் காத்துச் சரியில்ல. பக்கத்து வள்ளத்துக்காரனுக்கு மட்டும் வேற காத்தா அடிக்கி?” அவர் முடித்தபோது மருதமுனைப் பெண்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன்பின் யாரையும் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ராஹிலா அதுவரை பேசவில்லை. ஜெஸ்மினாவுக்குத் தூரத்து உறவு, வரிப்பத்தான்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நாற்பதுக்குள் இருக்கும். ஒல்லியான, வெயில் பட்ட முகம். அவர் நேராக அரிவாளைத்தான் எடுத்தார். மற்றவர்கள் பொருளை எடுத்ததும் சீட்டைப் படித்தார்கள். இவர் சீட்டைப் பார்க்காமல் அரிவாளைப் பிடித்து, மணிக்கட்டை இரண்டு தரம் சுழற்றினார். அதற்குப் பிறகுதான் சீட்டைப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“டீச்சர், இது புருசன்ட எண்டு யாரு சொன்ன?”

“ஆய்வு செஞ்சவங்க” என்றேன்.

“எப்படித் தெரியும்?”

இரும்புக் கருவிகள் பெரும்பாலும் ஆண்களோடு தொடர்புடையவை என்று ஏதோ சொன்னேன்.

“இந்தத் தாக்கத்திட பிடிய நீங்க பிடிச்சுப் பாத்தீங்களா?” அவர் என் கையில் கொடுத்தார். அங்கே அரிவாளுக்குத் தாக்கத்தி என்று பெயர். “அளவு மாத்தாமத்தானே அடிச்ச? ஆம்புளைட கைக்கு இது காணா. மூணு விரல் பிடிச்சா நாலாம் விரலுக்கு இடமில்ல. என்ட கைக்குச் சரியா இரிக்கி. வெள்ளாம வெட்டின கைக்குத் தெரியும்.”

எத்தனையோ ஊர்களில் அந்த அரிவாளைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். ஒரு தடவையாவது அறுக்கப் பிடிப்பதுபோல் பிடித்துப் பார்த்ததில்லை. பிடித்துப் பார்த்தேன். என் கைக்கும் சரியாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொண்டிருக்கலாம். ஒத்துக்கொள்ளாமல், “நம்ம ஊகத்தை வச்சு முடிவு பண்ண முடியாதுங்க” என்றேன்.

“ஓம்” என்றார் ராஹிலா. “ஊகம் எண்டா ரெண்டும் ஊகந்தானே.” அரிவாளைப் பாயில் வைத்தார். “இதப் பத்திக் கதைக்க எனக்கு இண்டைக்கு ஏலா.” லுஹர் தொழுகைக்காக இடைவேளை விட்டோம். திரும்பிவந்தபோது அவர் இல்லை. பஸ் நேரம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அன்று மாலை சாந்தி என்னைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். மணலில் இழுத்து ஏற்றிய வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள், பால் இல்லாமல், இஞ்சி தட்டிப்போட்டு, சீனியைத் தனியே கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பதற்கு. இப்படிக் குடிப்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மனம் தெளியவில்லை. இரண்டு பஸ் மாறி வந்த ஒருத்தியை நான் வாயடைத்து அனுப்பிவிட்டேன் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியே வந்து மணலில் உட்கார்ந்து எங்கள் காப்பாட்சியருக்குப் போன் செய்தேன். அந்தத் தாழி தோண்டப்பட்டபோது குழுவில் இருந்தவர். விரைவில் ஓய்வுபெறப் போகிறவர்.

“சார், அந்த அரிவாள் புருஷனோடதுன்னு எதை வச்சு எழுதினோம்?”



“நான்தாம்மா எழுதுனேன்” என்றார். “தாழியில ஒரு பொம்பளை எலும்பு, கூட ஒரு அரிவாள். அறிக்கையில அவ்வளவுதான் இருக்கு. சீட்டு எழுதும்போது இரும்பாச்சே, ஆம்பளை சாமானாத்தான் இருக்கும்னு கை தானா எழுதிருச்சு. இத்தனை வருஷத்துல யாருமே கேக்கலை.” பிறகு, “யார் கேட்டா?” என்றார்.

“வயல் செய்யற ஒரு அம்மா.”

“அவங்க கேட்டது சரி. அந்த வரியை எடுத்துடலாம்.”

வியாழக்கிழமை ராஹிலா வருவாரா என்று மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாரும் வந்து, பிஸ்கட்டும் தேத்தண்ணியும் முடிந்தபின், படியேறி வந்தார். நான் எழுந்து எல்லார் முன்னாலும் சொன்னேன், நேற்று நான் சொன்னது தப்பு, அந்தச் சீட்டில் இருப்பதற்கு ஆதாரம் இல்லை, எழுதியவரே ஒத்துக்கொண்டார் என்று. பேனா எடுத்துச் சீட்டில் அந்த வரியை அடித்தேன்.

ராஹிலா சிரிக்கவில்லை. பாயில் உட்கார்ந்து அரிவாளை மடியில் வைத்துக்கொண்டார். “அப்ப நான் சொல்லலாம்” என்றார். குரல் தாழ்ந்து, மெதுவாக வந்தது.

“நான் மௌத்தாப் போயிட்டன். என்னயத் தாழிக்குள்ள வச்சிரிக்காங்க. சுத்தி நிண்டு கதைக்கிறது எல்லாம் எனக்குக் கேக்கி. ஒருத்தன் சொல்றான், பாவம், புருசன்ட தாக்கத்தியயும் சேத்து வைப்பம் எண்டு. நான் உள்ளுக்கிருந்து சொல்றன், டேய், அது என்ட. விடிய எழும்பி வயலுக்குள்ள இறங்கினது நான். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு நொந்தது எனக்கு. அந்தப் பிடியில படிஞ்சிரிக்கிற அழுக்கு என்ட கையுட அழுக்கு. அவனுக்குக் கேக்கல்ல. மூடிட்டாங்க. நான் இன்னமும் சொல்லிட்டுத்தான் இரிக்கன்.”

இப்போது சொந்தக் கதை சொல்ல வேண்டிய முறை. அவர் தானாகவே தொடர்ந்தார்.

தாயார் ராஹிலாவுக்குச் சீதனமாக ஒரு வயல் கொடுத்திருந்தார். உறுதி, அதாவது நிலப்பத்திரம், ராஹிலாவின் பெயரில்தான் இருக்கிறது. கணவர் இருந்தவரை இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள். அவர் நெஞ்சு வலியில் போனபின், நான்கு மாதமும் பத்து நாளும் ராஹிலா இத்தாவில், வெளியே வராமல் வீட்டில் இருந்தார். அந்தச் சமயம் போகம் தொடங்கும் கமக்காரர் கூட்டம், விவசாயிகளின் கூட்டம், வந்தது. எந்த நாளில் குளத்தைத் திறப்பது, யாருக்கு முதலில் தண்ணீர், எல்லாம் அங்கேதான் முடிவாகும். வயலுக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று அண்ணன் நசீர், ராஹிலா காக்கா என்று கூப்பிடுகிறவர், தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

“காக்கா நல்ல மனசோடதான் செஞ்ச. அதுல நான் பிழை சொல்ல மாட்டன். ஆனா இத்தா முடிஞ்சும் பட்டியல்ல அவர்ட பேருதான். அவர் லொறி ஓட்டுறவர். கூட்டத்துக்குப் போறல்ல. என்ட வயல் வாய்க்கால்ட கடைசியில. தண்ணி வந்து சேர முந்தி முறை முடிஞ்சிரும். போன போகம் கதிர் வாற நேரம் தண்ணியில்ல. அரவாசி வெள்ளாம பதராப் போயிற்று. இந்த முறையும் அப்படி எண்டா நான் வயலக் குத்தகைக்குக் குடுக்கிறதத் தவிர வேற வழியில்ல.”

“அப்ப நீங்க போய்க் கதைச்சா என்ன?” என்றார் சாந்தி.

“பொம்புள யாரும் போறல்ல.”

“கூடாது எண்டு சட்டமா?”

“இல்ல.”

“கடற்கரையில ஏலத்துக்கு முதல் நாள் நான் போய் நிண்ட நேரமும் பொம்புள யாரும் இல்ல” என்றார் சாந்தி. “ஒரு கிழம ஒரு மாதிரிப் பாத்தானுகள். அதுக்குப் பிறகு அவனுகளுக்கும் அலுத்துப் போச்சு.”

ராஹிலா முதல்முறையாகச் சிரித்தார். கூட்டம் எப்போது என்று கேட்டேன். சனிக்கிழமை என்றார். அண்ணனிடம் சொல்லாமல் போனால் அவருக்குச் சபையில் அவமானம், சொன்னால் போகவேண்டாம் என்பார் என்று சொல்லிவிட்டு, அரிவாளைத் துடைத்து, அதன் இடத்தில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஜெஸ்மினா வீட்டில் பாய் விரித்து, ஒரு பெரிய தட்டில் சோறும் கோழியும் கத்தரிக்காயும் வைத்து, பெண்கள் நான்கு பேரைச் சுற்றி உட்காரவைத்தார்கள். ஒரே தட்டில் நாலு கை. நான் என் பக்கத்து எல்லைக்குள் நாகரிகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஜெஸ்மினாவின் மைத்துனி என் பக்கமாகக் கோழித் துண்டைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அவர் பக்கம் வெறும் சோறுதான் மிஞ்சியது. பிறகு எருமைத் தயிரும், அதில் ஊற்ற வெல்லப்பாகு போன்ற பாணியும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர்.

தயிர் பாதியில் இருக்கும்போது ஜெஸ்மினாவின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்து, “ராஹிலா. நாளைக்குப் போறாவாம். எங்களயும் வரச் சொல்றா. தனியப் போய் நிக்க ஒரு மாதிரியாம்” என்றார். மறுநாள் கோமாரிக் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை.

“அவங்க காக்காகிட்ட சொல்லிட்டாங்களா?” என்று கேட்டேன்.

“லொறியோட வெளியூர் போயிரிக்காராம். போன் எடுக்கல்லியாம்.”

சனிக்கிழமை சாந்தியும் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்தோம். சம்மாந்துறை தாண்டியதும் இரண்டு பக்கமும் உழுத வயல். வழியில் ஒரு மாட்டுக்கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க அடிக்க மாடுகள் எங்களை மதிக்கவில்லை. சாந்தி இறங்கிப்போய் ஏலக் குரலில் ஓர் அதட்டல் போட்டார். மாடுகள் விலகின. இருந்தும் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது.

குளக்கட்டுக்குக் கீழே, தகரக் கூரை போட்ட ஒரு பொதுக் கட்டிடம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் அறுபது எழுபது ஆண்கள். ராஹிலா வெளியே, கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் உறுதிப் பத்திரம்.

“வந்திட்டீங்களா” என்றார். நாலு பேரும் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். தலைகள் திரும்பின. நான் இந்தியாக்காரி என்பதாலா, நாங்கள் பெண்கள் என்பதாலா, தெரியவில்லை.

முன்னால் மேசையில் வட்டை விதானை பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். வயல்வெளிக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். தண்ணீர் முறைக்கு வந்தார்கள். வழக்கம்போல மேல்பக்கத்திலிருந்து தொடங்குவோம் என்றார். ராஹிலா எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். சாந்தி அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். எழுந்தார்.

“எனக்கு ஒரு சொல் இரிக்கி” என்றார். முதல் வரிசைக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாக, “எனக்கு ஒரு சொல் இரிக்கி!”

விதானை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எந்த வயல் தங்கச்சி?”

“வாய்க்கால்ட கடைசி வயல்.”

அவர் பதிவேட்டைப் புரட்டினார். “இதுல நசீர் எண்டுதானே இரிக்கி. அவர் வந்திரிக்காரா?”

“வந்திரிக்கன்” என்று குரல் கேட்டது. கதவருகே, லொறி ஓட்டிவந்த அழுக்குச் சட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். ராஹிலா உதட்டைக் கடித்துக்கொண்டார். வழியில் இருபது தவறிய அழைப்பைப் பார்த்து, வீட்டில் என்னவோ என்று பதறி, நேரே இங்கே வந்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

“என்ன புள்ள இது?” என்றார் நசீர். “எனக்கிட்ட ஒரு சொல் சொல்லியிருந்தா நானே வந்து கேட்டிருப்பனே. இத்தின பேருக்கு முன்னால…”

“மூணு போகமாச் சொன்னன் காக்கா.” குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. “ஒவ்வொரு முறையும் லொறி எண்டீங்க. உங்களில எனக்குக் கோவமில்ல. நான் வீட்டுக்குள்ள இருந்த நேரம் நீங்கதான் என்ட வயலக் காப்பாத்தின. இப்ப நான் வெளிய வந்திட்டன். என்ட வயல நானே கதைக்கிறன்.”

யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒரு முதியவர் பக்கத்தில் இருந்தவரிடம், “ஆதம்பாவாட மகள்” என்று சொன்னது கேட்டது. நசீர் தங்கையைப் பார்த்தபடி நின்றார். காதுகள் சிவந்திருந்தன. வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

“விதானையார்” என்றார் கடைசியில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “வயல் அவட. போன போகம் ஒரு நாளும் என்ட காலுல சேறு படல்ல. அவக்குத்தான் தெரியும். அவட்டயே கேளுங்க.” சொல்லிவிட்டு ஓரத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ராஹிலா பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. மதகு, கிளை வாய்க்கால், எத்தனை நாள் எத்தனை மணி என்று சரளமாகப் போயிற்று. தண்ணீர் முறையைக் கடைசி வயலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் கேட்டது. மேல்பக்கத்து வயல்காரர்கள் கொதித்தார்கள். அப்படியென்றால் எங்கள் விதை காயட்டுமா என்று ஒருவர் எழுந்தார். ராஹிலா அவருக்கும் பதில் வைத்திருந்தார். இன்னும் நான்கு கடைசி வயல்காரர்கள், எல்லாரும் ஆண்கள், இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்தவர்கள், “அவ சொல்றது சரிதானே” என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். அரை மணி நேரம் சத்தம். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. கதிர் வரும் சமயத்து இரண்டு முறைகள் மட்டும் கடைசியிலிருந்து தொடங்கும், மற்றவை பழையபடி என்று முடிவானது.

“போதுமா?” என்று ஜெஸ்மினா காதோடு கேட்டார்.

“அந்த ரெண்டுதான் வெள்ளாமைட உசிரு” என்றார் ராஹிலா.

கூட்டம் கலைந்தபின் விதானை அவரை மேசைக்கு அழைத்தார். உறுதிப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். நசீரும் வந்து பக்கத்தில் நின்றார். விதானை அவர் பெயரின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டை நசீர் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே புதிதாக ஏதோ எழுதி, பதிவேட்டைத் திருப்பிப் பேனாவை நீட்டினார். “ஒப்பம் வைங்க தங்கச்சி.”

ராஹிலா பேனாவை வாங்கவில்லை. குனிந்து, எழுதியிருப்பதை விரல் வைத்துப் படித்தார்.

“ஆதம்பாவா ராஹிலா எண்டு எழுதியிரிக்கீங்க” என்றார். “உறுதியில இரிக்கிற என்ட முழுப் பேரு ஆதம்பாவா சித்தி ராஹிலா. சித்தியயும் போடுங்க.”

“இடமில்லியே புள்ள.”

“மேல சின்னதா எழுதலாம்.”

விதானை பெருமூச்சு விட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு குறி போட்டு, மேலே பொடி எழுத்தில் சேர்த்தார். ராஹிலா இன்னொரு தரம் முழுவதும் படித்தார். அதன்பிறகு பேனாவை வாங்கினார்.